உங்கள் பொக்லைன் இப்போது எங்கள் தெருவின் அணைக்கட்டு

திங்கட்கிழமை, முற்பகல் 11.20

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை பத்தரை மணி நிலவரப்படி, தாங்கள் என் பொறுப்பில் விட்டுச் சென்ற பொக்லைனின் பெரிய கையைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர், மூன்று துண்டுகளாக என் வீட்டு வாசலில் கிடக்கிறது. அதிலிருந்து இதுவரை வெளியேறிய எண்ணெய் பதினான்கு லிட்டர். ஆதாரம்: தங்கள் அக்காவின் நீல வாளி. ஏழு லிட்டர் பிடிக்கும். இரண்டு முறை நிரம்பியது. இரண்டு முறையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாளி இனி எதற்கும் உதவாது என்பதை அதன் உரிமையாளர் உறுதி செய்திருக்கிறார்.

மற்றபடி தங்கள் அக்கா நலம், நான் நலம். தங்கள் நலமறிய ஆவல் என்று அடுத்து எழுதுவது முறை. முப்பத்தெட்டு வருடம் செய்தியாளனாக இருந்தவன் நான். உறுதி செய்யாத எதையும் எழுதியதில்லை. அப்படியொரு ஆவல் எனக்குள் இருப்பதாக இந்த நிமிடம் உறுதி செய்ய முடியவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கைப்பேசிக்கு நேற்றிலிருந்து பதினாறு முறை அழைத்தேன். பதினாறு முறையும் ஒரு பெண்குரல், தாங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக, சிறிதும் வருத்தமில்லாமல் சொன்னது. தாங்கள் சாலை போடும் அந்த மலைக்கு சிமெண்ட் ஏற்றிப் போகும் லாரி இன்று மாலை நாலு மணிக்குக் கிளம்புகிறது. நாளை காலை அங்கே சேரும். அதன் ஓட்டுநர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். அவரிடம், கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று, படித்து முடிக்கும் வரை பார்க்கும்படியும் கேட்டிருக்கிறேன்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் மலைவேலைக்குக் கிளம்பியபோது இந்த வண்டியை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். "அத்தான், சும்மா நிக்கட்டும். நீங்க ஒரு கண்ணு பார்த்துக்கிட்டா போதும்" என்றீர்கள். சின்ன வண்டி, பதினேழு வயது, இருக்கையில் பஞ்சு வெளியே வந்து, கண்ணாடியில் ஒரு விரிசலோடு நின்றது. போகிற அவசரத்தில் ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தீர்கள். இரண்டு பக்கம். பத்தி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. டீசலில் ஆரம்பித்து, பேட்டரிக்குப் போய், நடுவில் தங்கள் பழைய முதலாளியைப் பதினோரு வரி திட்டிவிட்டு, மறுபடி டீசலுக்கே வந்து, அங்கிருந்து எங்கே போனது என்று தெரியாமல் போனது. அப்படியொரு செய்தி என் மேசைக்கு வந்திருந்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டு விசாரித்திருப்பேன். தாங்கள் மைத்துனர் என்பதால், பேசாமல் உட்கார்ந்து, அதை ஆறே வரியாகச் சுருக்கி, பெரிய எழுத்தில் எழுதி, வண்டியின் கேபின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினேன். சாவி வீட்டில் இருக்கும். டீசல் மட்டம் பார்க்கவும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடவும். பிள்ளைகளை ஏறவிடக் கூடாது. மழை வந்தால் கதவைச் சாத்தவும். வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும். அவ்வளவுதான் சாரம். மூலத்தைக் கோப்பில் போட்டுவிட்டேன். மூலத்தை நான் எறிவதில்லை.

இந்த ஆறில் ஒன்றை நான் தவறவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. சனிக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு இன்ஜின் பத்து நிமிடம் ஓடியது, கடிகாரத்தை வைத்துக்கொண்டு. சுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், தாங்கள் வண்டியை விட்டுச் சென்ற லட்சணத்தை முதலில் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய கைக்குக் கீழே, சிலிண்டருக்குள் போய்வருகிற வெள்ளிக்கம்பி இருக்கிறதே, அதன்மேல் கறுப்பு கிரீஸை விரல் கனத்துக்கு அப்பி வைத்திருந்தீர்கள். அதில் தூசி, சருகு, இறந்துபோன ஈக்கள், ஒரு பல்லியின் வால். மனிதன் பார்க்கிற காட்சியா அது? மூன்று பழைய பனியன்களும் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் செலவழித்து முழுவதையும் துடைத்து எடுத்தேன். ஒரு மாதத்தில் அந்தக் கம்பியில் பழுப்புப் புள்ளி வர ஆரம்பித்தது. அதற்கும் நான் சளைக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டு உப்புத்தாள் தேயத் தேய, கதவுக் கைப்பிடியிலிருந்து அந்தக் கம்பி வரைக்கும் கண்ட துருவையெல்லாம் எடுத்தேன். தங்கள் அக்கா காப்பி கொண்டுவந்தவள், "அவன் தேய்க்கச் சொன்னானா?" என்று கேட்டாள். சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றால் அது வேலை, சொல்லாமல் செய்தால் அதுதான் பொறுப்பு என்று விளக்கினேன். அவள் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது தெருவுக்கு வருகிறேன். எங்கள் தெரு மேல்கோடியில் உயர்ந்து கீழ்க்கோடியில் தாழ்ந்தது. மழை பெய்தால் அத்தனை வீட்டுத் தண்ணீரும் கீழ்க்கோடியில் இருக்கிற தையல்காரம்மாவின் வீட்டுக்குள் போய் நிற்கும். போன மழையில் ஒரு அடி நின்றது. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர் அவர். தைத்து மடித்து வைத்திருந்த நாற்பது சட்டையும் சேற்றில் போனது. தலைமுடி நரைத்த பெண், இரண்டு தையல் இயந்திரம், வேறு எதுவும் இல்லை. வாய்க்கால் வேண்டும் என்று தெரு சார்பில் நகராட்சி அலுவலகத்துக்கு நான் பதினோரு மனு எழுதினேன். பதினோரு மனுவும் நல்ல மனு. பரிசீலனையில் இருப்பதாகப் பதினோரு பதில் வந்தது. கடைசியில், போன மாதத் தெருக்கூட்டத்தில் நான் எழுந்து, அலுவலகம் தோண்டாவிட்டால் என்ன, அனுமதி வாங்கி நாமே தோண்டுவோம், என் மைத்துனரின் வண்டி நிற்கிறது, கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறேன் என்று அறிவித்தேன். கைதட்டினார்கள். இந்த வருடம் உங்கள் படியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது என்று தையல்காரம்மாவிடம் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவர் அந்தச் சொல்லை நம்பி, இந்த வருடம் இருநூற்றுப் பதினாலு சீருடைக்கு வேலை எடுத்துவிட்டார். துணிக்கட்டுகள் அவர் வீட்டுத் தரையில் சுவரோரமாக அடுக்கியிருக்கின்றன. வேறு இடம் அந்த வீட்டில் இல்லை. நானே போய் எண்ணிப் பார்த்தேன்.

வண்டியை ஓட்ட, கல்குவாரியில் வேலை பார்த்து ஓய்வில் இருக்கிற ஒரு ஆபரேட்டரைப் பிடித்தோம். கையில் உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டர் ரேடியோ, வாயில் அதிகம் வார்த்தை கிடையாது. வாய்க்கால், மேல்கோடியிலிருந்து தையல்காரம்மாவின் வீட்டைத் தாண்டி ஓடை வரைக்கும், மொத்தம் ஐம்பத்தெட்டு மீட்டர். போன செவ்வாய் ஆரம்பித்தார். அன்றைக்குப் பதினாலு மீட்டர் போயிற்று. தெருவே வாசலில் நின்று பார்த்தது. புதன்கிழமை கம்பியில் எண்ணெய் ஈரம் கண்டது. வேர்வைதான் என்று நான் நினைத்தேன். இரும்புக்கு வேர்க்காது என்று பிறகு ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை சொட்ட ஆரம்பித்தது, நிமிடத்துக்குப் பதினேழு சொட்டு. கையைத் தூக்கி நிறுத்தினால் அது நம் கண்முன்னாலேயே, தூங்கிவழிகிற ஆளின் தலை மாதிரி, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஆபரேட்டர் ரேடியோவை அணைத்தார். "வண்டி அழுதுக்கிட்டு இருக்கு சார். நீங்க அதுகிட்ட வேலை சொல்லிக்கிட்டே இருக்கீங்க" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும், மழை வரப்போகிறது என்றேன். எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டினார். வெள்ளி பிற்பகல் மூன்று பத்துக்கு, நாற்பத்தோராவது மீட்டரில், தையல்காரம்மாவின் வாசலுக்கு நேர் எதிரே, மண்ணள்ளும் அந்தப் பக்கெட் வாய்க்காலுக்குள் இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். பிறகு தூக்கவில்லை. ஆபரேட்டர் இன்ஜினை நிறுத்தி, சாவியை என் கையில் வைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

தாங்கள் பொறியியல் தெரிந்தவர். நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே நாற்பத்தோரு மீட்டர் புது வாய்க்கால், தெருத் தண்ணீர் முழுவதையும் ஒழுங்காகச் சேர்த்துக் கொண்டுவரும். அதன் முடிவில், வாய்க்காலின் அகலத்துக்கு அளவெடுத்தது போல, உங்கள் பக்கெட். அதற்குப் பக்கத்தில் தையல்காரம்மாவின் படி. முன்பு தண்ணீர் அவர் வீட்டுக்கு வழி தேடித்தான் வரும். இப்போது நாம் வழி போட்டுக் கொடுத்திருக்கிறோம். இது யூகம் அல்ல. சனிக்கிழமை காலை மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. இருபது நிமிடம் வழிந்த தண்ணீர், வாய்க்கால் வழியே அழகாக ஓடிவந்து, பக்கெட்டில் முட்டி, தேங்கி, படியில் ஏறி, வாசற்கதவுக்கு மூன்று விரற்கடை தள்ளி நின்றது. தையல்காரம்மா அளவு நாடாவை எடுத்துவந்து அளந்து காட்டினார். பிறகு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "போன மழைக்குத் தண்ணி சும்மா வந்துச்சு சார். இந்த மழைக்கு உங்க அணைக்கட்டோட வருது."

அன்றிலிருந்து தெருவில் அதற்கு அணைக்கட்டு என்றுதான் பெயர். பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் என்னிடம் அணைக்கட்டின் நீர்மட்டம் கேட்டார். அலுவலகத்துக்கு அவசர மனு ஒன்று எழுதுகிறேன் என்று தையல்காரம்மாவிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, "நீங்க நல்லாத்தான் எழுதுறீங்க. தண்ணி படிக்காதே சார்" என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதுதான் மிகக் கடுமையானது. அதற்குக் காரணம் நீங்கள். நீங்கள் என்ன நீங்கள், நீ. மரியாதையெல்லாம் இதுவரை கொடுத்ததோடு சரி, இதற்குமேல் கட்டுப்படியாகாது.

நேற்று ஞாயிறு காலை மெக்கானிக் வந்தார். ஊரில் எல்லாரும் அவரைச் சீல்காரர் என்கிறார்கள். சிலிண்டருக்குள் எண்ணெயைப் பிடித்துவைக்கிற ரப்பர் வளையம் இருக்கிறதே, சீல், அதை மாற்றுவதில் கெட்டிக்காரர். சிலிண்டரை வண்டியிலிருந்து பிரிக்க ஒரு பின்னைக் கழற்ற வேண்டும். அந்தப் பின் பதினேழு வருடத் துருவில் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சம்மட்டி அடி வாங்கியது. தெருவில் ஒரு குழந்தைகூடத் தூங்கவில்லை. கழற்றி, தோளில் தூக்கிவந்து, எங்கள் வாசலில் போட்டு, திறந்து, கம்பியை வெளியே உருவி, துணியால் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்து நெடுக இழுத்தார். நகம் தடுக்கித் தடுக்கிப் போயிற்று. "இதை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்காங்க" என்றார். "வேணும்னே கெடுக்கிறவன்கூட இவ்வளவு பொறுமையாக் கெடுக்க மாட்டான் சார்."

மேற்கோள் பிசகக்கூடாது என்பதற்காக மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு விளக்கினார்: அந்தக் கம்பியின்மேல் மெல்லிசாக ஒரு முலாம் இருக்கும், அது வழவழப்பாக இருக்கிற வரைக்கும்தான் சீல் உயிரோடு இருக்கும், முலாமைக் கீறிவிட்டால் கம்பி ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலை அரம் மாதிரி அறுக்கும், உப்புத்தாளின் பொடி வேறு உள்ளே போய், அடியில் இருக்கிற இன்னொரு சீலையும் தின்றுவிட்டது, முதலாவது போனதால் ஒழுகுகிறது, இரண்டாவது போனதால் கை நிற்காமல் இறங்குகிறது. கம்பிக்கு மேலே கிரீஸ் தடவியல்லவா நிறுத்தியிருக்க வேண்டும், அதைத் துடைத்தது யார் என்று கேட்டார். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள். உன்னை நினைத்து வெட்கப்பட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தேய்த்தது நான்தான். நான் மறைக்கவில்லை, மெக்கானிக்கிடமும் சொன்னேன், தெருவிலும் சொன்னேன். ஆனால் கேள்வி அதுவல்ல. கேள்வி, தேய்க்கக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள் என்பது. நான் பேனா பிடித்தவன். இரும்பில் துரு கண்டால் எடுக்க வேண்டும் என்பது உலகம் அறிந்தது. அந்த ஒரு கம்பியில் மட்டும் எடுக்கக் கூடாது என்றால் அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டியவன் சொந்தக்காரன். நீ சொன்னாயா? இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தது, பழைய முதலாளியைத் திட்ட இடம் இருந்தது, இந்தக் கம்பிக்கு ஒரு வரி இல்லை. மெக்கானிக்கேகூட, "சொல்லியிருப்பாரே சார், வண்டி வெச்சிருக்கிறவன் முதல்ல இதைத்தான் சொல்லுவான்" என்றார். சொல்லவில்லை என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். தையல்காரம்மாவிடமும் போய், இது முழுக்க முழுக்க என் மைத்துனனின் அலட்சியம், அவன் எச்சரித்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று, உன் பெயரையும் உறவையும் சொல்லி விளக்கினேன். நேற்றிலிருந்து தெருவில் எட்டு வீட்டுக்கு இந்த விளக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. சிறு வயதிலிருந்தே அவன் அப்படித்தான் என்றும் இரண்டு வீட்டில் கூடுதலாகச் சொன்னேன். உன் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் செருப்பை எங்கேயோ போட்டுவிட்டு நீ விளையாடப் போனதை உதாரணம் காட்டினேன்.

இதைவிடப் பெரிய கோபம் இன்னொன்று. கம்பிக்கு மறுபடி முலாம் போட்டுவிடலாம். பட்டறைக்காரர் புதன்கிழமை மாலைக்குள் தருகிறேன் என்கிறார். ஆனால் உன் வண்டியின் வயதுக்கு அந்த அளவுச் சீல் கடையில் கிடையாதாம். எழுதிப்போட்டு வரவழைக்கப் பத்து நாளாம். மழையோ வியாழன் மாலையாம். வானிலை அறிவிப்பை நான் இன்று காலை மூன்று இடத்தில் சரிபார்த்தேன், மூன்றிலும் வியாழன்தான். பதினேழு வயது வண்டியை வைத்திருக்கிற மனிதன், மாற்றுச் சீல் ஒரு செட் வாங்கி வைக்காமல் இருப்பானா? ஒரு பேனா வைத்திருக்கிற நானே மாற்று மை வைத்திருக்கிறேன். பக்கெட்டைக் கயிறு கட்டி இழுத்தோம், ஒன்பது பேர்; கயிறு அறுந்தது, பக்கெட் அசையவில்லை. சுற்றித் தோண்டலாம் என்றால் ஒரு பக்கம் தெருவின் குடிநீர்க் குழாய், மறுபக்கம் தையல்காரம்மாவின் சுவர். துணிக்கட்டுகளை எங்கள் மாடிக்குக் கொண்டுபோகலாம் என்று கேட்டேன். இயந்திரமும் மேசையும் இங்கே, துணி அங்கே, ஒவ்வொரு சட்டைக்கும் மாடி ஏறி இறங்கினால் பள்ளி திறக்கும் நாளுக்குத் தைத்து முடியுமா என்றார். முடியாது. வேலை கைவிட்டுப் போகும். போன வருடம் நாற்பது. இந்த வருடம் இருநூற்றுப் பதினாலும் போனால், அடுத்த வருடம் அவரிடம் யாரும் துணி கொடுக்க மாட்டார்கள். நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி எடுத்த வேலை அது. இதைப் படிக்கும்போது உனக்கு உறைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது. கடிதம் கண்டவுடன் வேலையைப் போட்டுவிட்டு, அதே லாரியில் ஏறி, புதன்கிழமை காலை இங்கே இருக்க வேண்டும். உன் கருவிப்பெட்டியில் இருக்கிற அத்தனை சீலையும் கொண்டுவர வேண்டும். வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல், நேரே தையல்காரம்மாவின் வாசலுக்குப் போய், நீ எச்சரிக்காததால்தான் இவ்வளவும் நடந்தது என்று அவரிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். நானும் கூட இருப்பேன். எழுதிக்கொள்வேன். இதில் எதையும் நீ செய்யாவிட்டால் உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. உன் அக்காவோடு பேசுவது உன் விருப்பம். அந்த வாளியை நினைவில் வைத்துக்கொண்டு பேசு.

மலையில் குளிர் இருக்கும். காதை மூடிக்கொண்டு படு. கோபம் என்பதற்காக ஆசியை நிறுத்துகிற வழக்கம் எனக்கு இல்லை. நீயும் உன் குடும்பமும் நன்றாக இருங்கள், ஆனால் புதன்கிழமைக்குப் பிறகு.

இப்படிக்கு,
ஆற்ற முடியாத கோபத்துடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: பிற்பகல் 3.15.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் உன் அக்கா வாங்கிப் படித்தாள். முழுவதையும் படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த ரெண்டு பக்கம் எங்க?"

கோப்பில் இருக்கிறது என்றேன். எடுங்க என்றாள். உன் குற்றத்துக்கு ஆதாரமாக மூலத்தையும் இணைத்து அனுப்பலாம் என்ற எண்ணத்தோடுதான் எடுத்தேன். இரண்டாம் பக்கம், பழைய முதலாளியைத் திட்டி முடித்த இடத்துக்குக் கீழே, டீசலுக்கு நீ மறுபடி வருவதற்கு முன்னால், பின்வருமாறு இருக்கிறது. உன் எழுத்தை அப்படியே தருகிறேன்: "அத்தான் கம்பில இருக்கிற கிரீஸ தொடாதீங்க பாக்க அசிங்கமாத்தான் இருக்கும் அதுதான் அத காப்பாத்துது துரு புள்ளி வந்தாலும் தேய்க்க வேணாம் தேய்ச்சா சீல் போயிடும் எனக்கு சொல்லுங்க அப்படி சீல் போனாலும் கவலபடாதீங்க ஒரு செட் புதுசா சீட்டுக்கு அடில மஞ்சள் பையில வெச்சிருக்கேன்."

இந்த ஏழு வரியையும் சேர்த்துத்தான், "வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்" என்று நான் சுருக்கியிருக்கிறேன். இவ்வளவு மோசமான சுருக்கத்தை வேறு யாராவது செய்திருந்தால் அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பியிருப்பேன்.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் பை இருக்கிறது. சீல்காரர் பிரித்து, அளந்து, சரியான அளவுதான் என்று உறுதி செய்துவிட்டார். கம்பி பட்டறைக்குப் போய்விட்டது.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று உன் அக்கா சொன்னாள். லாரிக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்பது ஒரு காரணம். எழுதியதை ஒளிக்கக் கூடாது, திருத்தம்தான் போட வேண்டும் என்பது இன்னொன்று. இதை நான் முப்பத்தெட்டு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே, மேலே அலட்சியம், பொறுப்பின்மை ஆகியவை உன்மேல் சுமத்தப்பட்டுள்ள இடங்களில் எல்லாம் என்னைப் போட்டு வாசித்துக்கொள். செருப்பு விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது.

நீ வர வேண்டாம். வேலையைப் பார். லாரிக்காரரிடம் ஒரு டப்பா கிரீஸ் மட்டும் கொடுத்தனுப்பு.

நிலுவையில் உள்ளவை: முலாம் போட்ட கம்பி, புதன் மாலை ஆறு மணி. சீல் மாட்டிப் பக்கெட்டைத் தூக்குவது, புதன் இரவு எட்டுக்குள். ஆபரேட்டர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், ரேடியோவோடு. மிச்சம் பதினேழு மீட்டர், வியாழன் விடிந்ததிலிருந்து. மழை, வியாழன் மாலை. எட்டு வீட்டுக்கும் திருத்தம், இன்று மாலை ஐந்து மணி முதல், தையல்காரம்மாவிலிருந்து ஆரம்பித்து, நேரில், நானே. என்ன சொல்வது என்று ஆறு வரியில் எழுதி வைத்திருந்தேன். உன் அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சுருக்காமல் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டாள்.